பீட்ரூட் ஜூஸ் ஏன் கைகொடுக்கவில்லை?

கேள்வி: எனக்கு வயது 36. ஐந்து வருடங்களுக்கு முன் அசைவத்தை விட்டேன்; முட்டையும் தொடுவதில்லை. பால் என்றால் டீயில் சேர்வதோடு சரி. ஆறு மாதமாக மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. சிரிக்காதீர்கள், ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டியை எடுத்துக் கடித்துக்கொண்டே இருக்க வேண்டும்போல இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.1, ஃபெரிட்டின் 7, பி12 182, வைட்டமின் டி 14 என்று வந்தது. கால்சியம் மட்டும் நார்மல். மருத்துவர் மாத்திரைகள் எழுதினார். எனக்கு மாத்திரை என்றாலே பயம். அதனால் மூன்று மாதமாகத் தினமும் பீட்ரூட், கேரட், மாதுளை ஜூஸ் குடிக்கிறேன், பேரீச்சம்பழம் சாப்பிடுகிறேன். அயோடின் உப்பை நிறுத்திவிட்டு இளஞ்சிவப்புக் கல்லுப்புக்கு மாறினேன். மறுபடி பரிசோதித்தால் எண்கள் அசையவே இல்லை. இதையெல்லாம் உணவிலேயே சரிசெய்ய முடியாதா? என் 8 வயது மகளின் நகங்களில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றன, கால்சியம் குறைவா? பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடும் என் அம்மாவுக்குப் பாதம் எரிகிறது. அவருக்கு என்ன உணவு கொடுக்கலாம்?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

ஐஸ் கட்டியைப் படித்து நான் சிரிக்கவில்லை. உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் நின்ற இடமே அதுதான். இரும்புச்சத்து குறைந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு ஐஸ், மண், சாக்பீஸ், பச்சரிசி என்று எதையாவது மென்றுகொண்டே இருக்கத் தோன்றும். வெட்கப்பட்டு யாரும் வெளியே சொல்வதில்லை. இரும்பு ஏறத் தொடங்கினால், ஹீமோகுளோபின் முழுதாகச் சரியாவதற்கு முன்பே இந்த ஆசை பெரும்பாலும் அடங்கிவிடும்.

உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். நான் உணவியல் நிபுணர். உணவால் முடியும் என்று சொன்னால்தான் எனக்குப் பிழைப்பு. ஆனாலும் உங்கள் நான்கு எண்களில் எதையும் இப்போது உணவு மட்டும் தூக்கி நிறுத்தாது. மாத்திரை கொஞ்ச காலத்துக்கு வேண்டும். அதன் பிறகு வாழ்நாள் முழுக்கக் காக்க வேண்டியது உணவு. இந்த இரண்டு வேலைகளையும் குழப்பிக்கொண்டதால்தான் உங்கள் மூன்று மாத ஜூஸ் வீணாகிப்போனது.

ஏன் என்பதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன். உங்கள் உடலில் சுமார் 4 லிட்டர் ரத்தம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹீமோகுளோபினை 10-லிருந்து 13-க்கு ஏற்ற, கூடுதலாக 120 கிராம் ஹீமோகுளோபினை உடல் உருவாக்க வேண்டும். ஒரு கிராம் ஹீமோகுளோபினில் 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஆக, 400 மில்லிகிராம் இரும்பு ரத்தத்துக்கு மட்டுமே தேவை. உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் உங்களுக்கு 7. அதாவது கையிருப்புப் பெட்டி காலி. பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே போனாலே கையிருப்பு தீர்ந்துவிட்டது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அந்தப் பெட்டியை ஓரளவு நிரப்ப இன்னொரு 300, 400 மில்லிகிராம். கூட்டினால் 700-லிருந்து 800 மில்லிகிராம் கடன்.

இனி வருமானம். சைவ உணவில் ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம் இரும்பு கிடைப்பதாக வைத்தாலும், குடல் அதில் உறிஞ்சுவது ஒன்றரை, இரண்டு மில்லிகிராம்தான். செலவோ, தோல், குடல் செல்கள் உதிர்வதில் தினமும் 1 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. மாதவிடாய் இழப்பை மாதம் முழுவதற்கும் பிரித்துப் போட்டால் இன்னொரு அரை மில்லிகிராம், உதிரப்போக்கு அதிகமென்றால் 1 மில்லிகிராம்கூட. கையில் மிஞ்சுவது நாளைக்கு அரை மில்லிகிராம் என்றால், 800 மில்லிகிராம் கடனை அடைக்க நான்கு வருடங்களுக்கு மேல் ஆகும். மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருந்தால், வற்றிப்போன உடல் அதிலிருந்து ஒரே வேளையில் 10 மில்லிகிராம் அளவுக்கு எடுத்துக்கொள்ளும். நான்கு வருடம் நான்கைந்து மாதமாகச் சுருங்குவது இப்படித்தான். மாத்திரையில் இருப்பதும் அதே இரும்புதான்; வேறுபாடு அளவில் மட்டும்.

இப்போது பீட்ரூட்டுக்கு வருகிறேன். சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஊறவைக்கும் என்ற நம்பிக்கையை எத்தனை முறை மறுத்தாலும் அது அடுத்த வாரமே எழுந்து உட்கார்ந்துவிடுகிறது. பீட்ரூட்டின் சிவப்பு பீட்டலெய்ன் என்ற நிறமி. மாதுளையின் சிவப்பு ஆந்தோசயனின். இரண்டுக்கும் இரும்போடு எந்த உறவும் இல்லை. 100 கிராம் பீட்ரூட்டில் இருக்கும் இரும்பு 0.8 மில்லிகிராம், மாதுளையில் 0.3 மில்லிகிராம், பேரீச்சையில் ஏறக்குறைய 1 மில்லிகிராம். ஒரு கிண்ணம் வேகவைத்த மைசூர்ப் பருப்பில் 6 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. மூன்று மாதமாக நீங்கள் ஓட்டிய மிக்ஸியை விட, பழுப்பு நிறத்தில் எந்தக் கவர்ச்சியும் இல்லாமல் கிடக்கும் பயறு அதிக வேலை செய்திருக்கும். ஜூஸ் கெட்டது என்று சொல்லவில்லை. ரத்தசோகைக்கு மருந்து என்று நம்பிக் குடிக்காதீர்கள், அவ்வளவுதான். கேரட் ஜூஸ் நிறையக் குடித்து உள்ளங்கை மஞ்சளாகி, மஞ்சள் காமாலை என்று பயந்து ஓடுபவர்களும் உண்டு. கண்ணின் வெள்ளைப்பகுதி மஞ்சளாகாவிட்டால் பெரும்பாலும் அது கேரட்டின் கைவரிசைதான்.

பயறைச் சாப்பிட்டால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். பிற்பாடு உங்களைக் காக்கப்போவது இந்தப் பகுதிதான்.

இறைச்சி, மீன், ஈரலில் இருக்கும் இரும்பு, ஹீம் என்ற கூட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. கூடவே என்ன சாப்பிட்டாலும் அது பெரிதாகப் பாதிக்கப்படாமல் குடலுக்குள் நுழைந்துவிடும். தாவர இரும்புக்கு அந்தக் கவசம் இல்லை. அது தட்டில் யாரோடு உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து உள்ளே போகும், அல்லது அப்படியே வெளியேறும். தானியம், பயறு, கொட்டைகளின் தோலில் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். டீ, காபியில் உள்ள பாலிஃபீனால்களும் அப்படியே. சாப்பாட்டோடு ஒரு கோப்பை டீ குடித்தால், அந்த வேளை உணவின் தாவர இரும்பில் உறிஞ்சப்படுவது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். நிறையப் பாலும் கால்சியம் மாத்திரையும்கூட வழியை மறிக்கும்.

எதிர்ப்பக்கத்தில் நிற்பது வைட்டமின் சி. ஒரே வேளை உணவில் 50 மில்லிகிராம் சேர்ந்தாலே தாவர இரும்பின் உறிஞ்சல் இரண்டு, மூன்று மடங்காகலாம். நடுத்தரமான ஓர் ஆரஞ்சில் 70 மில்லிகிராம் இருக்கிறது. கொய்யாவில் அதைவிடப் பல மடங்கு. பச்சைக் குடைமிளகாயும் தக்காளியும் எலுமிச்சைச் சாறும் உதவும். ஆனால் பலர் தவறவிடும் விஷயம், இது அதே வேளையில் உள்ளே போக வேண்டும். காலையில் பழம், மதியம் பருப்பு என்றால் இரண்டும் சந்திக்கவே போவதில்லை. சூடும் வைட்டமின் சி-யை அழிக்கும். கொதிக்கும்போது எலுமிச்சை பிழிவதை விட, அடுப்பை அணைத்துக் கொஞ்சம் ஆறியபின் பிழிவது மேல்.

ஃபைட்டேட்டைக் குறைக்க மூன்று பழைய வழிகள் உண்டு: ஊறவைப்பது, முளைகட்டுவது, புளிக்கவைப்பது. பயறு ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இரும்புச் சட்டியில் தக்காளி சேர்ந்த குழம்பு போன்ற புளிப்பான, நீர்ப்பதமான சமையல் செய்தால், பாத்திரத்திலிருந்தே இரும்பு கொஞ்சம் இறங்கும். இது பாட்டி வைத்தியம் இல்லை, அளந்து பார்க்கப்பட்டது.

உங்கள் விஷயத்தில் நான் மாற்றச் சொல்லும் முதல் பழக்கம், சாப்பிட்டு முடித்ததும் டீ குடிப்பவரானால், அதைத் தள்ளிப்போடுவது. சாப்பாட்டுக்கும் டீக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். டீயையே நிறுத்தச் சொன்னால் நீங்கள் இந்தக் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள் என்று தெரியும். நானும் டீக்காரிதான்.

மாத்திரைப் பயம் பற்றி ஒரு வார்த்தை. வயிற்றுப் புரட்டல், மலச்சிக்கல், மலம் கறுப்பாவது ஆகிய மூன்றும் பலரை இரண்டாம் வாரமே நிறுத்தவைத்துவிடுகின்றன. கறுப்பு நிறம் ஆபத்தில்லை, மீந்துபோன இரும்புதான் அது. மற்ற இரண்டுக்கும் ஒரு வழி இருக்கிறது. இரும்பு உள்ளே போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, அடுத்த ஒரு நாளைக்குக் குடலின் கதவைச் சாத்திவைக்கும். அதனால் தினமும் இரண்டு வேளை விழுங்குவதை விட, ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு வேளை எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உடல் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. வயிற்றுக்கும் ஓய்வு கிடைக்கிறது. இப்படி எடுக்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். வெறும் வயிற்றில் தண்ணீரோடோ ஆரஞ்சுச் சாறோடோ போடுங்கள். பாலோடும் டீயோடும் வேண்டாம். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் விடுங்கள்.

இதோடு ஒரு கேள்வி. உதிரப்போக்கு எத்தனை நாள் நீடிக்கிறது? மணிக்கொரு முறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால் நிரம்பாது. அப்படி இருந்தால் மகப்பேறு மருத்துவரைப் பார்ப்பது எந்தக் கீரையையும் விட முக்கியம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்திருந்தால், உணவை மாற்றுவதற்கு முன் குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்த்தாக வேண்டும். புண்ணாகவும் இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். ஃபெரிட்டின் பார்க்காமலே, ஹீமோகுளோபின் குறைவு என்பதற்காக மட்டும் இரும்பு மாத்திரையைத் தானாக வாங்கிப் போடுவதும் தவறு. பரம்பரையாக வரும் ரத்தக் குறையான தலசீமியா மைனர் உள்ளவர்களுக்கு ஹீமோகுளோபின் குறைந்திருக்கும், ஆனால் இரும்பு போதுமான அளவு இருக்கும்.

அடுத்தது பி12. உங்கள் விரல் மரத்துப்போவதற்கு இரும்பைவிட இதன்மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்றே எடுத்துக்கொள்வார்கள். ஐந்து வருடத்துக்கு முன் அசைவத்தை விட்டேன், இப்போது ஆறு மாதமாகத்தான் தொல்லை என்கிறீர்கள். கணக்கு சரியாகப் பொருந்துகிறது. ஒரு நாளைக்கு நமக்குத் தேவையான பி12 வெறும் 2.4 மைக்ரோகிராம். ஈரலில் சில ஆயிரம் மைக்ரோகிராம் சேமிப்பு இருப்பதால், வரவு நின்றாலும் பல வருடம் வண்டி ஓடும். பிறகு ஒருநாள் நிற்கும். அசைவத்தை விட்ட முதல் வருடத்தில் உடம்பு லேசாக இருக்கிறது என்று சொன்னவர்கள் ஐந்தாவது வருடத்தில் என் எதிரே வந்து உட்காருவதற்கு இதுதான் காரணம்.

அசைவத்துக்குத் திரும்புங்கள் என்று சொல்வது என் வேலை இல்லை. ஆனால் தாவரங்களில் பி12 கிடையாது என்பதை ஏற்றுக்கொண்டு திட்டமிட வேண்டும். பி12-ஐ உருவாக்குவது நுண்ணுயிரிகள். நமக்கு வந்து சேர்வது விலங்கு உணவு வழியாக. ஸ்பைருலினா என்ற பாசிப் பொடியில் பி12 கொட்டிக் கிடக்கிறது என்று விற்பவர்கள் சொல்வார்கள். அதில் இருப்பதில் பெரும்பகுதி பி12 போலவே தோன்றும் போலி வடிவம். நம் உடலுக்கு அது பயன்படாது. புளிக்கவைத்த தாவர உணவையும் இதற்கு நம்பி இருக்க முடியாது. நீங்கள் பால் பொருட்களை விலக்கவில்லை என்பதால் ஒரு வழி திறந்திருக்கிறது. 250 மில்லி பாலில் சுமார் 1 மைக்ரோகிராம் பி12 இருக்கிறது. தினமும் இரண்டு தம்ளர் பாலோ அதற்கு ஈடான தயிரோ எடுத்தால் அன்றாடத் தேவையை ஒட்டி வரலாம். டீயில் விடும் சொட்டுப் பாலால் அது நடக்காது. ஏற்கெனவே காலியான ஈரலை நிரப்பவும் இது போதாது. அதற்கு மாத்திரையோ ஊசியோ வேண்டும்.

இதில் ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறிதாகும்; பி12 குறைந்தால் பெரிதாகும். இரண்டும் ஒன்றாகக் குறைந்தால் சராசரி அளவு நார்மல் என்று காட்டும், பார்ப்பவர் ஏமாந்துபோவார். இன்னொன்று, பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் ஆசிட் என்ற இன்னொரு பி வைட்டமினை மட்டும் நிறையச் சாப்பிட்டால் ரத்தசோகை சரியாகும். ஆனால் நரம்புச் சேதம் சத்தமில்லாமல் தொடரும். நரம்பு நீண்ட நாள் பட்டினி கிடந்தால் முழுதாகத் திரும்பாமலும் போகலாம். அதனால்தான் நான்கு எண்களில் பி12-ஐத் தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன்.

இங்கிருந்தே உங்கள் அம்மாவுக்கும் பதில் வந்துவிடுகிறது. மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிடுபவர்களுக்குக் குடலில் பி12 உறிஞ்சப்படுவது குறைகிறது. பாத எரிச்சலை எல்லோரும் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிடுவார்கள். சர்க்கரையாகவும் இருக்கலாம், பி12-ஆகவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனை போதும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது பெரிய தவறாகிவிடும். வயிற்று எரிச்சலுக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் வருடக்கணக்காகச் சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். உணவில் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பி12-ஐப் பிரிக்க வயிற்று அமிலம் தேவை. வயதானாலே அமிலம் குறைகிறது, அதன்மேல் மாத்திரையும் என்றால் இன்னும் மோசம். அம்மா மீனும் முட்டையும் சாப்பிட்டும் பி12 குறைந்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். மாத்திரையில் இருக்கும் பி12 புரதத்தோடு ஒட்டாமல் தனியாக இருப்பதால் அவருக்கு அது எளிதாக ஏறும்.

உணவால் குணப்படுத்துவதன் எல்லை எது என்பதற்கு ஒரு பழைய கதையும் இருக்கிறது. ஒருகாலத்தில் ஆளைக் கொன்றே தீரும் ஒரு ரத்தசோகை இருந்தது. 1926-ல் மைனாட், மர்ஃபி என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், அந்த நோயாளிகளுக்குத் தினமும் 200 கிராம் அளவுக்கு அரைவேக்காட்டு ஈரலைக் கொடுத்துப் பிழைக்கவைத்தார்கள். 1934-ல் விப்பிள் என்ற இன்னொரு ஆய்வாளரோடு சேர்ந்து அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த நோயாளிகளின் வயிற்றில், பி12-ஐக் கைபிடித்துக் குடலுக்குள் கொண்டுபோகும் புரதமே சுரக்கவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. அந்தத் துணை இல்லாமலே 100-க்கு ஒரு பங்கு தானாகக் கசிந்து உள்ளே போகும். மலையளவு ஈரல் வேலை செய்தது அந்தக் கசிவால்தான். இன்று 1000 மைக்ரோகிராம் மாத்திரை செய்வதும் அதே வேலை. தினமும் அரைவேக்காட்டு ஈரலா, ஒரு சின்ன மாத்திரையா என்று அன்றைய நோயாளிகளைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்!

வைட்டமின் டி-யில் உணவின் கை இன்னும் சின்னது. ஒரு முட்டை மஞ்சள் கருவில் 40 ஐ.யு. (சர்வதேச அலகு) அளவுதான் இருக்கிறது, ஒரு நாள் தேவை 600. நீங்கள் முட்டையும் சாப்பிடுவதில்லை, கொழுப்பு மீனும் இல்லை. வைட்டமின் டி செறிவூட்டிய பாலும், புற ஊதாக் கதிர் படவைத்த காளானும் கொஞ்சம் தரும். மற்றபடி வெயில்தான். அதிலும் அதிகாலை இளவெயில் மனதுக்கு இதமே தவிர, வைட்டமினுக்குப் பெரிதாக உதவாது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்தில்தான் வேண்டிய கதிர் போதுமான அளவு தோலுக்கு வந்து சேர்கிறது. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் அது வரவே வராது. மாநிறமும் கறுப்பும் உள்ள தோலுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். 14 என்ற அளவை 20-க்கு மேலே கொண்டுவர மருத்துவர் சொன்ன மாத்திரையை, கொஞ்சம் கொழுப்புள்ள உணவோடு எடுத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்ன கால அளவுக்கு மேல் நீட்டிக்காதீர்கள். இது சிறுநீரில் கழியும் வைட்டமின் இல்லை. தேங்கினால் ரத்தத்தில் கால்சியம் எகிறி, சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

கால்சியம் மட்டும் நார்மல் என்று நிம்மதிப்பட்டிருக்கிறீர்கள். மன்னியுங்கள், அந்த எண் உங்கள் உணவைப் பற்றி எதையும் சொல்வதில்லை. ரத்தத்தில் கால்சியம் இறங்கினால் இதயமே தடுமாறும் என்பதால், உடல் எலும்பிலிருந்து எடுத்தாவது அந்த அளவைக் காத்துவிடும். டி குறைந்தால் குடலில் கால்சியம் ஏறுவதும் குறைகிறது. எலும்பு இன்னும் கூடுதலாகக் கடன் கொடுக்கிறது. ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 மில்லி பாலில் 120 மில்லிகிராம் இருக்கிறது. பி12-க்காகச் சொன்ன அதே இரண்டு தம்ளர் இங்கே பாதித் தேவையைத் தீர்த்துவிடும். மீதிக்கு எள், பாதாம், கால்சியம் உப்பால் உறையவைத்த டோஃபு. பசலைக்கீரையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் கால்சியம் இருக்கிறது, ஆனால் ஆக்சலேட் என்ற பொருள் அதைக் கட்டிப்போட்டிருப்பதால் நமக்குக் கிடைப்பது 100-க்கு 5 பங்குதான். பாலிலிருந்து 30 பங்கு அளவுக்குக் கிடைக்கும். பாலையும் தயிரையும் இரும்பு மாத்திரையிலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

மகளின் நகத்துக்கு வருகிறேன். அந்த வெள்ளைப் புள்ளிகள் கால்சியம் குறைவால் வருபவை அல்ல. நகம் முளைக்கும் வேரில் எப்போதோ பட்ட சின்ன அடி, நகம் வளர வளர மேலே ஏறி வருகிறது. குழந்தைகள் விரலைக் கதவிலும் மேசையிலும் இடித்துக்கொள்ளாமல் வளர்வதில்லை. நகம் கடிக்கும் பழக்கம் இருந்தாலும் வரும். புள்ளி நகத்தோடு நகர்ந்து நுனிக்கு வந்து வெட்டுப்பட்டுப் போய்விட்டால் கவலையே இல்லை. எல்லா நகமும் வெளுத்தாலோ, கரண்டி போலக் குழிந்தாலோ காட்டுங்கள். குழிவது இரும்புக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். உங்களுக்கு இருப்பது அவளுக்கும் இருக்க வாய்ப்பு உண்டு, ஒரே சமையலறைதானே. முட்டையும் அசைவமும் அவளுக்கும் இல்லையென்றால், பி12-ஐயும் ஃபெரிட்டினையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்வேன்.

இளஞ்சிவப்புக் கல்லுப்பு. இந்த மாற்றத்தை மட்டும் இன்றே திருப்பிப் போடுங்கள். அந்த நிறத்தில் இருக்கும் தாதுக்கள் மிக அற்பம். அதைக் கொண்டு சத்துக் கணக்குப் போட வேண்டுமானால் தின்னக்கூடாத அளவுக்கு உப்புத் தின்ன வேண்டியிருக்கும். ஆனால் அதில் போதிய அயோடின் இல்லை. 1922-ல் சுவிட்சர்லாந்து உப்பில் அயோடின் கலக்கத் தொடங்கியது, மலைப்பகுதிகளில் கழுத்துக் கழலையும் மனவளர்ச்சிக் குறைவும் பிறவியிலேயே வாட்டிக்கொண்டிருந்ததால்தான். ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும், கர்ப்பிணிக்கு 250. மீனும் இல்லை, அயோடின் உப்பும் இல்லை என்றால் அது உங்களுக்கு எங்கிருந்து வரும்? உப்பின் அளவை நாளைக்கு 5 கிராமுக்குள் வைத்துக்கொண்டு, அந்தக் கொஞ்சமும் அயோடின் உப்பாக இருக்கட்டும். ஈரம் படாமல் மூடி வையுங்கள்.

இன்னொரு குழந்தை பற்றி யோசனை இருந்தால் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கருத்தரித்து முதல் 28 நாட்களுக்குள், அதாவது கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பே, குழந்தையின் முதுகுத்தண்டுக் குழல் மூடிவிடுகிறது. அதற்காக 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட்டை முன்கூட்டியே தொடங்குவார்கள். உங்கள் பி12 சரியானபிறகு அதைத் தொடங்குவது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

துத்தநாகம், மக்னீசியம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. பயறு, பூசணி விதை, முழுதானியம் என்று இரும்புக்காகச் சொன்ன தட்டே அவற்றையும் கொண்டுவந்துவிடும். அதே ஊறவைத்தலும் முளைகட்டலும் துத்தநாகத்தையும் விடுவிக்கும். முடி கொட்டுகிறது என்று தனியாக பயோட்டின் என்ற வைட்டமினை வாங்காதீர்கள். பயோட்டின் குறைவு அபூர்வம். அதிக அளவில் சாப்பிட்டால் தைராய்டு போன்ற சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவையே அது மாற்றிக் காட்டும். இரும்பு ஏறட்டும், முடிக்கு ஆறு மாதம் கொடுங்கள். முடி எப்போதும் கடைசியாகத்தான் செய்தி கேட்கும்.

மாத்திரை தொடங்கி நான்கு வாரத்தில் ஹீமோகுளோபினை மட்டும் பாருங்கள். 1 கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையென்றால் மாத்திரை ஒழுங்காக உள்ளே போகிறதா, டீ பழையபடி பக்கத்தில் வந்துவிட்டதா, ரத்தம் எங்காவது போகிறதா, குடல் உறிஞ்சவில்லையா என்று இந்த வரிசையிலேயே தேடச் சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்கு வந்தால் கோதுமைப் புரதத்தால் குடல் சேதமாகும் சீலியாக் நோய்க்கும், வயிற்றில் தங்கும் ஹெலிகோபேக்டர் கிருமிக்கும் பரிசோதனை உண்டு. ஏறியிருந்தால், 12-ஐத் தொட்டதும் நிறுத்திவிடாதீர்கள். அதன்பின் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் ஃபெரிட்டின் பெட்டி நிரம்பும். பலர் படி ஏற முடிகிறது என்றதும் நிறுத்திவிட்டு, அடுத்த வருடம் அதே ஐஸ் கட்டியோடு திரும்பி வருகிறார்கள்.

அம்மாவின் பி12 எவ்வளவு என்று தெரிந்ததும் எழுதுங்கள். உங்கள் உதிரப்போக்கு பற்றியும் இந்த முறை மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.